ஐஸ் பக்டரியில் சாமவேலை: எட்டு மணித்தியாலமா, பன்னிரண்டா?

கேள்வி: வணக்கம் டொக்டர். முல்லைத்தீவுக் கரையோரத்தில் மாமாவின் ஐஸ் பக்டரியை மூன்று வருசமாக நான்தான் பார்த்துவருகிறேன். 12 பேர் வேலை. ஆறு ஆறு பேராக இரண்டு அணி. ஒன்று காலை 6 முதல் பின்னேரம் 6 வரை, மற்றது பின்னேரம் 6 முதல் காலை 6 வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் அணி மாறும். போன மாதம் ஒரு திங்கள் காலை வேலை முடித்துப் போன பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு குளக்கட்டு வளைவில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு எட்டு மணித்தியாலமாக மூன்று சிப்ட் வைப்போம் என்று சொன்னேன். மாமா வேண்டாம் என்கிறார்: போரில் பங்கருக்குள் மாதக்கணக்காக முழித்த சனத்துக்கு ஒரு நைட் ஒன்றும் செய்யாதாம். பொடியளும் வேண்டாம் என்கிறார்கள்: ஓரீ (மேலதிக நேரக் காசு) போய்விடுமாம், இரவு 10 மணிக்குப் பஸ்ஸும் இல்லையாம். எட்டா, பன்னிரண்டா சரி? இரவில் கொஞ்சம் படுக்க விடலாமா? அடுத்த வருசம் பக்கற் ஐஸ் போடுவதற்கு இரண்டு பெண்பிள்ளைகளை நைட்டுக்கு எடுக்கவும் யோசனை இருக்கிறது. சிப்ட் அட்டவணையையும் லொக் புத்தகத்தில் ஒரு கிழமைப் பக்கங்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, அட்டவணையைப் பார்க்கமுதல் லொக் புத்தகத்தைத்தான் பார்த்தேன். புதன்கிழமை இரவுப் பக்கம். 10 மணி, 11 மணி, 12 மணிக் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டியின் குளிர் ஒருக்கால் −9 பாகை, ஒருக்கால் −11. ஓரிடத்தில் வெட்டித் திருத்தியிருக்கிறது, ஓரிடத்தில் தேத்தண்ணிக் கறை. 2 மணியிலிருந்து 5 மணிவரை நாலு வரியும் −10. கொம்பிரசர் அழுத்தமும் நாலு வரியிலும் ஒரே இலக்கம். எழுத்தின் சாய்வு, பேனையின் அழுத்தம், மை எல்லாம் ஒன்று. வியாழன், வெள்ளிப் பக்கங்களும் அப்படித்தான். உங்கள் ஒப்பரேற்றர் ஐந்தரைக்கு எழும்பி ஒரே இருப்பில் நாலு வரியையும் நிரப்பியிருக்கிறார். அவரைக் கூப்பிட்டு ஏசிவிடாதீர்கள். நான் போய்ப் பார்த்த அரிசி ஆலையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இந்தப் பக்கத்தை வேறு வேறு கையெழுத்தில் கண்டிருக்கிறேன்.

இரவின் கடைசிக் கூறுக்கு, ஏறக்குறைய 2 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட பொழுதுக்கு, வைகறை என்று எங்கள் ஆட்கள் தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உடம்பின் சூடு ஆகக் குறைவது அந்த நேரத்தில்தான். நித்திரையைக் கொண்டுவரும் மெலற்றோனின் என்ற சுரப்பு இரத்தத்தில் அப்போது நிறையவே இருக்கும். கை மந்தம், கண் மந்தம், கணக்கு மந்தம். பகலில் எவ்வளவு நித்திரை கொண்டாலும் இதை முழுக்க அழிக்க முடியாது. திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் 1979இல் கோளாறு தொடங்கியது காலை 4 மணிக்கு. செர்னோபில் 1986இல் வெடித்தது 1:23க்கு. போபாலில் வாயு கிளம்பியது 1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவையொட்டி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் உண்டு, ஆனால் மூன்றும் நடந்தது ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில். உங்களிடம் இருப்பது அணு உலை அல்ல, ஐஸை உறையவைக்கும் அமோனியா நச்சுவாயு ஓடும் குழாய். கசிந்தால் மணத்தில் எழும்பிவிடுவார்கள் என்று மாமா சொல்லக்கூடும். நித்திரைக்காரனின் மூக்கை நம்பி ஒரு பக்டரியை விட ஏலாது.

எட்டு மணித்தியாலச் சிப்ட் வைத்தாலும் அந்த வைகறை யாரோ ஒருவரின் தலையில் விழத்தான் போகிறது. ஆகவே எட்டா பன்னிரண்டா என்று கேட்கமுதல், அந்த இரவு எத்தனையாவது தொடர் இரவு என்று கேளுங்கள். பிரித்தானிய ஆய்வாளர் சைமன் ஃபோல்கார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பல நாட்டு விபத்துப் பதிவுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எட்டு மணித்தியாலச் சிப்டோடு ஒப்பிட்டால் பன்னிரண்டில் விபத்து ஆபத்து ஏறக்குறைய 27 வீதம் கூட. இது மாமாவுக்குச் சாதகமான இலக்கம் அல்ல. ஆனால் அதே கணக்கில், முதல் இரவோடு ஒப்பிட்டால் இரண்டாவது தொடர் இரவில் 6 வீதமும் மூன்றாவதில் 17 வீதமும் நாலாவதில் 36 வீதமும் ஆபத்து ஏறுகிறது. உங்கள் அணி ஒரு கிழமை முழுக்க அடுக்காக இரவு செய்கிறது. பன்னிரண்டை எட்டாக வெட்டிவிட்டு அந்த அடுக்கை அப்படியே விட்டால் வென்றதைவிடத் தோற்றது கூடவாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாற்றத்துக்கு வருவோம். இரண்டு அணியை வைத்துக்கொண்டு பகலை இரவாக மாற்றினால் ஒரு அணி 24 மணித்தியாலம் ஒரே நீட்டாக நிற்கவேண்டும். அட்டவணையில் அதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது. அந்தப் பொடியன் விழுந்தது திங்கள் காலையில். 24 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.10 வீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997இல் அவுஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். 17 மணித்தியாலத்துக்கே 0.05 வீதம், பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட எல்லை. அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கமாட்டான். ஆனாலும் வெறியோடு ஓட்டியதற்குச் சமன். மற்றதெல்லாவற்றையும் ஆறுதலாக யோசியுங்கள், அந்த 24 மணித்தியாலத்தை மட்டும் வருகிற ஞாயிறே நிற்பாட்டுங்கள். அன்று ஒருநாள் இரவு பக்டரி ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

இனி ஆட்கணக்கு. ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். இரண்டு அணி பிரித்தெடுத்தால் ஆளுக்கு 84. மூன்று அணி என்றால் 56. நாலு அணி என்றால் 42. சிப்டின் நீளத்தை எப்படி வெட்டி ஒட்டினாலும் இந்த இலக்கங்கள் அசையாது. சர்வதேச தொழில் அமைப்பு 1919இல் போட்ட முதலாவது சமவாயமே கிழமைக்கு 48 மணித்தியாலம் என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் ஓடவேண்டிய தொழில்களுக்கு மட்டும் சராசரி 56 வரை விட்டுக்கொடுத்தது. அந்த 56 எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். இரவுபகல் ஓடும் தொழில் வன்னிக்குப் புதிதும் அல்ல. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை மின்பகுத்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தது. நினைத்த நேரம் பூட்டித் திறக்கிற தொழில் அல்ல அது. போரோடு அது போனது, அங்கு வேலைசெய்த அப்புமாரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். யாராவது இருந்தால் ஒரு பின்னேரம் போய்க் கதைத்துப் பாருங்கள், என்னைவிட அவர்களுக்குக் கூடத் தெரியும்.

அப்போ 12 பேரை மூன்று பேராக நாலு அணி ஆக்குவதா என்று கேட்பீர்கள். அதைவிட நல்ல வழி உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. இரவில் ஆறு பேரும் என்ன செய்கிறார்கள்? அதே லொக் புத்தகத்தின்படி, இரவு 9க்குப் பிறகு தொட்டியிலிருந்து ஐஸ் கட்டி இழுப்பது இல்லை. கூலர் லொறிகள் வருவது விடிய 5 மணிக்குப் பிறகு. இடையில் எட்டு மணித்தியாலம் கொம்பிரசரைப் பார்ப்பதும் தொட்டியைப் பார்ப்பதும்தான் வேலை. அதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் காணாது. வால்வைப் பூட்ட ஒருவர், வெளியே ஓடிப்போய் ஆளைக் கூப்பிட ஒருவர் என்று எப்போதும் இரண்டு பேர் வேண்டும். மற்ற நாலு பேரும் கவிழ்த்த பெட்டியில் இருந்து போன் பார்க்கிறார்கள், அல்லது சாக்கைப் போட்டுப் படுக்கிறார்கள். அவர்களுக்கும் மாமா ஓரீ கட்டுகிறார்.

நான் செய்வதென்றால் இப்படிச் செய்வேன். மெசின் பார்க்க எட்டுப் பேர், இரண்டு இரண்டாக நாலு அணி. 12 மணித்தியாலச் சிப்ட். இரண்டு பகல், இரண்டு இரவு, பிறகு நாலு நாள் ஓய்வு. எட்டு நாளைக்கு ஒருமுறை சுற்று முடியும், சராசரி கிழமைக்கு 42 மணித்தியாலம். எந்த நேரமும் ஒரு அணி பகலில், ஒன்று இரவில், இரண்டு வீட்டில். மிஞ்சும் நாலு பேர் கட்டி இழுக்கிற, லொறி ஏற்றுகிற ஆட்கள். கரையோடு இருப்பவர்களைப் பார்த்து எடுங்கள். விடிய 5 முதல் மத்தியானம் 1 வரை அவர்களுக்கு வேலை, நாளுக்கு ஒருவர் லீவு. ஏற்ற வேண்டிய கட்டிகளை இரவு 9க்கு முன்னமே குளிரறையில் அடுக்கிவைத்தால் வைகறையில் யாரும் 50 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஈர நிலத்தில் நடக்கத் தேவையில்லை.

எட்டு மணித்தியாலத்தைத்தான் சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொழும்பிலோ பியகமவிலோ என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். எட்டு மணித்தியாலத்தில் நாளுக்கு மூன்று ஆள்மாற்றம், அதில் ஒன்று இரவு 10க்கு. ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வருபவர் 10 மணிக்கு எதில் போவார்? பஸ் இல்லை. றோட்டில் யானை நிற்கும். மோட்டார் சைக்கிள் லைற்றில் யானையின் கால் மரக்குற்றி மாதிரித்தான் தெரியும், கிட்டப் போனபிறகுதான் அது அசையும். பன்னிரண்டில் நாளுக்கு இரண்டு பயணத்தோடு முடிந்துவிடும். இந்தப் பக்டரியில் எனக்குப் பயமாக இருப்பது பதினோராவது மணித்தியாலத்தைவிட அந்த றோட்டுத்தான். அதனால்தான் 27 வீதத்தைத் தெரிந்துகொண்டும் பன்னிரண்டுக்குத் தலையாட்டுகிறேன். ஆனால் பன்னிரண்டுக்கு மேல் ஒரு நிமிசமும் கூடாது. அடுத்த அணியில் ஒருவர் வராவிட்டால் ஓய்வில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். நிற்பவரை நீட்டவேண்டாம். பின்னேரம் 6க்கு வேலை முடிவதும் பொழுதுபடுகிற நேரம்தான், யானை இறங்கும் நேரம். தூரத்துப் பொடியளை ஏற்றி இறக்க ஒரு வான் பிடியுங்கள். இரவு முடித்தவர் தானே ஓட்டிக்கொண்டு போகக்கூடாது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

காசுக் கதை. பொடியள் ஓரீ போய்விடும் என்று பயப்படுவது நியாயம், அதை முதலில் தீர்க்காவிட்டால் என் அட்டவணை மேசையிலேயே கிடக்கும். இப்போது மாமா கிழமைக்குக் கட்டுவது 12 பேர், தலா 84, மொத்தம் 1,008 ஆள்மணித்தியாலம். புதிய கணக்கில் மெசின் ஆட்கள் எட்டுப் பேருக்கு 336, ஏற்றுகிற நாலு பேருக்கு ஆளுக்கு 42 என்றால் 168. கூட்டினால் 504. பாதிதான். ஐஸ் ஒரு கட்டியும் குறையாது. அந்த மிச்சத்தில் ஒரு பெரும்பங்கை எடுத்து, மாத முடிவில் கைக்கு வரும் காசு இறங்காதபடி மணித்தியாலச் சம்பளத்தை ஏற்றி, இரவுக்கு ஒரு படியும் வைத்தாலும் மாமாவுக்கு நட்டமில்லை. ஆளைக் குறைக்கலாம் என்று மாமாவின் புத்தி ஓடக்கூடும். ஓடினால் இந்த அட்டவணை உடைந்துவிடும், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே மற்றவர் 24 மணித்தியாலம் நிற்கவேண்டி வரும்.

"பங்கருக்குள்ள கிடந்து மாதக்கணக்கா முழிச்ச சனம், ஒரு நைட்டுக்கு என்ன செய்யப்போகுது" என்று மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2009ஐக் கடந்துவந்தவரிடம் நான் வாதாடமாட்டேன். ஆனால் அப்போது முழித்திருந்தது உயிர்ப்பயத்தில். ஐஸ் பக்டரியில் அந்தப் பயம் இல்லை, இருக்கவும் கூடாது. இன்னொன்று, அலுத்த ஆளுக்குத் தான் அலுத்துவிட்டது தெரியாது. பயிற்சி டொக்டராக இருந்தபோது, ஓர் ஆஸ்பத்திரியில், தொடர்ந்து முப்பதாவது மணித்தியாலம் போலக் கடமையில் நிற்கிறேன். விடிய நாலு மணி. ஒரு பிள்ளைக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன், தாதி "டொக்டர், இதில் புள்ளி விடுபட்டதோ?" என்று கேட்டார். 0.5 என்று எழுதவேண்டிய இடத்தில் 5 என்று கிடக்கிறது. என் கையெழுத்துத்தான். எழுதும்போது ஒரு தயக்கமும் இருக்கவில்லை, தெளிவாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாதி அன்று இரவுதான் கடமைக்கு வந்தவர். பொஸ்ரனில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி டொக்டர்களை வைத்துச் செய்து 2004இல் வெளியான ஆய்வில், கடமை நேரத்தைக் குறைத்த முறையோடு ஒப்பிட்டால், வழமையான நீண்ட கடமை முறையில் பாரதூரமான பிழைகள் 36 வீதம் கூடவாக இருந்தன. அதை வாசித்தபோது எனக்கு அதிசயமாக இருக்கவில்லை.

இரவில் படுக்க விடுவதா என்பதற்கு என் பதில்: விடுங்கள், களவாகப் படுப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஒருவர் 20 நிமிசம் சாய்வார், மற்றவர் முழிப்பார், பிறகு மாறுவார்கள். வயலில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கும்போது சாமம் பிரித்து முழிப்பதில்லையா? அதுதான் இது. எழும்பியவர் உடனே வால்வில் கைவைக்காமல் முகம் கழுவி, கால்மணித்தியாலம் உலாவட்டும். பிளேன்ரீ இரண்டு மணியோடு சரி. அதற்குப் பிறகு குடித்தது வீட்டுக்குப் போய்ப் படுக்கையிலும் கூடவே கிடக்கும், அதிலுள்ள கஃபீன் பாதி இறங்கவே ஐந்து மணித்தியாலம் போலப் பிடிக்கும். நடுச்சாமத்தில் கொத்துரொட்டிப் பார்சல் வேண்டாம். பகல் நித்திரை இரவு நித்திரையை விட ஒன்று தொடக்கம் நாலு மணித்தியாலம் குறைவாகத்தான் வரும். தகரக் கூரையின்கீழ் பத்து மணிக்குப் பிறகு அதுவும் வராது. வீட்டில் ஆக இருட்டான, வேப்பமர நிழல் விழுகிற அறையை நைட்காரருக்கு விடும்படி வீட்டுக்காரரிடம் நீங்களே ஒருக்கால் போய்ச் சொல்லுங்கள். முதலாளி பக்கத்திலிருந்து வந்து சொன்னால் கேட்பார்கள்.

நாலு நாள் ஓய்வு என்றதும் பொடியள் அட்டவணைக்குச் சம்மதிப்பார்கள், சம்மதிப்பது வயலுக்காக. காலபோக வெட்டுக் காலத்தில் இரண்டாவது இரவு முடிந்து நேரே வயலுக்குப் போனால் நாங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே கரைந்துவிடும். ஓய்வின் முதல்நாள் நித்திரைக்கு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், வயல் இரண்டாம் நாளிலிருந்து. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலன்று யார் நிற்பது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். அன்று விடியத் துண்டு அனுப்பினால் ஒருவரும் வரமாட்டார்கள், நானும் வரமாட்டேன்.

பெண்பிள்ளைகளை நைட்டுக்கு எடுக்கும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள். இரவு 10க்குப் பிறகு தொழிற்சாலையில் பெண்களை வைக்க தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். அவர்களின் விருப்பம் வேண்டும், கட்டாயப்படுத்தக்கூடாது. பகல் 6 முதல் 6 வரை வேலைசெய்தவரை அன்றிரவு 10க்குப் பின் வைக்க முடியாது. மாதத்துக்குப் பத்து இரவுக்கு மேல் கூடாது. சம்பளம் ஆகக் குறைந்தது ஒன்றரை மடங்கு. பெண் மேற்பார்வையாளர், ஓய்வறை, சிற்றுண்டி எல்லாம் நீங்கள் கொடுக்கவேண்டும். பக்கற் ஐஸைப் பகலில் போட்டுக் குளிரறையில் வைத்தால் என்ன குறை? இரவில்தான் போடவேண்டும் என்று ஐஸ் கேட்கவில்லையே.

ஆண்களுக்கும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போவது ஓரீதான். கடை, காரியாலய ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 8, கிழமைக்கு 45, அதற்குமேல் ஓரீ கிழமைக்கு 12 என்று வரையறுக்கிறது. தொழிற்சாலைகள் பெரும்பாலும், தொழில்வாரியாகச் சம்பளத்தையும் வேலைநேரத்தையும் தீர்மானிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வரும். அட்டவணையைக் கொப்பி எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போய் ஒரு உத்தியோகத்தரிடம் காட்டி, சரிதான் என்று எழுத்தில் வாங்குங்கள். 84 மணித்தியால அட்டவணையைக் காட்டப் பயமாக இருந்திருக்கும், இதைக் காட்டலாம்.

விழுந்த பொடியனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காறை எலும்பு பொருந்த ஆறு கிழமை போலப் பிடிக்கும், கட்டி தூக்க இன்னும் கொஞ்சம் கூட. திரும்பி வரும்போது முதல் இரண்டு மாதம் பகல் லொக் எழுதுகிற வேலை கொடுங்கள். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் 2022இல் வந்த திருத்தத்தின்படி வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் நட்டஈட்டுக்குள் வருகிறது. ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அந்த ஞாயிற்றுக்கிழமை வரவுப் புத்தகப் பக்கம் மூன்றையும் பத்திரப்படுத்தி அவனுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். மாமா முதலில் முகத்தைச் சுளிப்பார். 24 மணித்தியாலம் நிற்கவைத்தது யார் என்ற கேள்வி வந்தால் அந்த வரவுப் பக்கமே பதில் சொல்லும் என்று அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.